மருந்தடிக்கும் முன் எறும்பு வரும் வழியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: கும்பகோணத்தில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். பின்பக்கம் சின்னத் தோட்டம் உண்டு. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்குள் எறும்புத் தொல்லை. கறுப்பு எறும்பு கொல்லைக் கதவு வழியாக வருகிறது. சிவப்பாகச் சின்ன எறும்பு சமையல் மேடை ஓரத்திலும் சுவிட்ச் போர்டு பக்கத்திலும் வரிசையாகப் போகிறது. கணவர் ஸ்பிரே அடித்தார். இரண்டு நாள் காணவில்லை. அப்புறம் படுக்கையறையிலும் வந்துவிட்டது. போன வாரம் தூளியில் தூங்கிய ஏழு மாதக் குழந்தையைக் கழுத்தில் கடித்துத் தடித்துவிட்டது. குழந்தை தவழ ஆரம்பித்திருப்பதால் எறும்பு சாக்பீஸ், பவுடர் எதையும் போடப் பயமாக இருக்கிறது. பிள்ளையார் எறும்பைக் கொல்லக் கூடாது என்கிறார் மாமியார். எனக்கும் மனம் வரவில்லை. மஞ்சள்தூள் போட்டால் சுற்றிக்கொண்டு போகிறது. மாமனாரின் கழிப்பறையில்கூட எறும்பு மொய்க்கிறது. மருந்தில்லாமல் ஏதாவது வழி உண்டா?

அன்புள்ள சகோதரிக்கு,

வழி உண்டு. பூச்சியியல் படித்து, வீடுகளுக்குப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆலோசனை சொல்வதுதான் என் தொழில். எறும்பு விஷயத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு மருந்தே தேவைப்படாது. கொஞ்சம் பொறுமையும், எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசையும்தான் வேண்டும்.

முதலில் குழந்தையைப் பார்ப்போம். மற்றதை ஒரு வாரம், பத்து நாள் எடுத்து நிதானமாகச் செய்யலாம். தூளியை இன்றைக்கே சரி செய்துவிடுங்கள். தூளிக்கு எறும்பு மேலே கொக்கியிலிருந்து கயிறு வழியாக இறங்கும். இல்லையென்றால், துணி எங்காவது சுவரையோ தரையையோ தொட்டுக்கொண்டிருக்கும். கொக்கிக்குக் கொஞ்சம் கீழே கயிற்றின் மேல் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய துணியை இறுக்கிச் சுற்றி, சொட்டாத அளவுக்கு விளக்கெண்ணெய் தடவுங்கள். அந்தப் பிசுபிசுப்பைத் தாண்டி எறும்பு இறங்காது. தூசி படிந்தால் பயன் போய்விடும், அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துணியை மாற்ற வேண்டும். முடிச்சில் மட்டும் எண்ணெய் படவே கூடாது, வழுக்கும். குழந்தையின் கழுத்து மடிப்பில் வடிந்து காய்ந்த பாலைத் தேடித்தான் எறும்பு வந்திருக்கும். பால் கொடுத்த பிறகு ஈரத்துணியால் மடிப்புகளைத் துடைத்து உலர விடுங்கள். தூளித் துணியைத் தினமும் மாற்றுங்கள்.

கட்டிலில் படுக்க வைப்பதாக இருந்தால், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போட்டு, கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். போர்வை நுனியோ கொசுவலையோ தரையில் புரளக் கூடாது. புரண்டால் அதுவே பாலம். தவழும் பிள்ளை கிண்ணத்துக்குள் கையை விடும் என்பதால், கட்டில் கால் மட்டும் நுழையும் அளவுக்குச் சின்னக் கிண்ணமாகப் பாருங்கள். தண்ணீரில் சிலர் சோப்பு கலப்பார்கள். அது வேண்டாம். வெறும் தண்ணீரைக் கண்டால் எறும்பு திரும்பிப் போகும், தவறி விழுந்தாலும் பெரும்பாலும் மிதந்து கரையேறிவிடும். சோப்பு கலந்தால் முழுகிச் சாகும். இன்னொன்று, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரிக் கிண்ணத் தண்ணீரில்தான் முட்டையிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள்.

குழந்தை இருக்கும் இடத்தில் முகப்பவுடர் தூவாதீர்கள். பவுடரில் எறும்புக்குக் கால் வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தூள் குழந்தையின் மூச்சுக்குள் போனால் நுரையீரலுக்குக் கெடுதல்.

இனி எறும்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தைப் படித்தால் வீட்டில் ஒரே எறும்பு இல்லை என்று தெரிகிறது. இந்தியாவில் 800க்கும் மேற்பட்ட எறும்பு இனங்கள் உண்டு. அவற்றில் வீட்டுக்குள் வருபவை கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றின் போக்கும் வேறு. கொல்லைக் கதவு வழியாக வரும் கறுப்பு எறும்பு நீண்ட கால்களோடு, ஒரு கோட்டில் போகாமல் தாறுமாறாக ஓடுகிறதா? அப்படியென்றால் உங்கள் மாமியார் சொல்லும் பிள்ளையார் எறும்புதான். அதன் கூடு பெரும்பாலும் வெளியே இருக்கும், மழைக்கு இடம் தேடி உள்ளே வரும். குழந்தையைக் கடித்தது அதுவாக இருக்காது.

சுவிட்ச் போர்டு பக்கம் போகும் சிவப்பு எறும்பைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். வரிசையில் எல்லா எறும்பும் ஒரே அளவில், இரண்டு மில்லிமீட்டர்தான், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், பின்பக்கம் கொஞ்சம் கருமை என்றால் அது ஃபாரோ எறும்பு. சுவரிடுக்கு, சுவிட்ச் பெட்டி, அட்டைப்பெட்டி என்று கதகதப்பான இடத்தில் வீட்டுக்குள்ளேயே கூடு வைக்கும். மனிதரை அநேகமாகக் கடிக்காது. ஒரே வரிசையில் சின்னதும் பெரியதுமாகக் கலந்து, பெரியவற்றுக்குத் தலை மட்டும் தடித்திருந்தால் அது நெருப்பெறும்பு. சுள்ளென்று கொட்டி, தோல் தடித்துச் சிவக்கும். குழந்தையின் கழுத்தில் நீங்கள் பார்த்தது இதன் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கூடு வீட்டுக்குள் இருக்காது. தோட்டத்து மண்ணிலோ, வெளிச்சுவரை ஒட்டிய தளக்கல் இடுக்கிலோ பொலபொலவென்று மண் குவிந்திருக்கும். தேடிப் பாருங்கள்.

ஸ்பிரே அடித்ததும் எறும்பு இன்னொரு அறைக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. ஃபாரோ எறும்புக் கூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ராணிகள் உண்டு. மருந்தின் நெடி பட்டு ஆபத்து என்று உணர்ந்தால், சில ராணிகளும் கொஞ்சம் வேலைக்கார எறும்புகளும் முட்டை, புழு, கூட்டுப்புழுவைத் தூக்கிக்கொண்டு பிரிந்து போய் வேறிடத்தில் புதுக்கூடு போட்டுவிடும். அதனால் ஒன்றாக இருந்தது இரண்டு மூன்றாகிவிடும். கண்ணுக்குத் தெரிகிற வரிசை, இரை தேட வந்த ஒரு சிறு பங்குதான். அதை எத்தனை முறை கொன்றாலும் உள்ளே இருக்கும் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருப்பாள். உயிர்மேல் இரக்கம் இருக்கிறதோ இல்லையோ, ஃபாரோ எறும்புக்கு ஸ்பிரே அடிப்பது பலனில்லாத வேலை. உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது? வரிசையைப் பார்த்ததும் துடைக்க ஓடாதீர்கள். அதுதான் உங்களுக்கு வழிகாட்டி. ராத்திரி சமையல் முடிந்து விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் எடுத்துக்கொண்டு போய், வரிசையின் இரண்டு முனையையும் கண்டுபிடியுங்கள். ஒரு முனையில் உணவு இருக்கும், மறுமுனையில் ஓட்டை. எறும்பு எதையும் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்தாலும், வயிறு புடைத்து மினுமினுவென்று போகிற பக்கம்தான் கூடு. ஓட்டைகளைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். ஜன்னல் சட்டத்தின் மூலை, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையுமிடம், நிலைப்படிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள விரிசல், மேடையின் கல்லும் சுவர் டைல்ஸும் சேரும் கோடு ஆகிய இடங்களில்தான் அநேகமாக இருக்கும்.

அடுத்து உணவை எடுங்கள். சர்க்கரை டப்பாவை எல்லாரும் மூடுவார்கள். மறந்துபோகிற இடங்கள் வேறு: கேஸ் அடுப்பின் அடியில் வழிந்து காய்ந்த பால், எண்ணெய்ப் பாட்டிலின் அடிப்பகுதி, மிக்ஸியின் அடியில் ஒட்டிய தேங்காய்ச் சட்னி, இருமல் மருந்துப் பாட்டிலின் மூடி, பூஜை மாடத்தில் வைத்த கல்கண்டு, ராத்திரி முழுக்கத் தொட்டியில் கிடக்கும் பாத்திரம். ஒரு வாரம் மட்டுமாவது இரவில் மேடையில் எதுவும் ஒட்டாமல் இருக்கட்டும். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள்; எறும்பு தண்ணீருக்கும் வரும்.

உணவை எடுத்ததும் உடனே துடைத்தால் வரிசையில் இருப்பவை எல்லாம் துணியில் நசுங்கும். அரை மணி, முக்கால் மணி நேரம் விடுங்கள். இரை இல்லையென்று தெரிந்ததும் வரிசை தானே மெலிந்துவிடும். மிச்சமிருப்பவற்றை ஒரு தாளில் தட்டி எடுத்து வெளியே விட்டுவிட்டு, அப்புறம் சோப்புத் தண்ணீரில் அந்தப் பாதை முழுவதையும், ஓட்டை வரைக்கும் துடையுங்கள். இரை கிடைத்த எறும்பு திரும்பும்போது வழியெல்லாம் வாசனைத் தடம் போட்டுக்கொண்டே போகும். மற்றவை அதை முகர்ந்துதான் வருகின்றன. சில இனங்களின் தடம் சீக்கிரம் மங்கிவிடும், ஃபாரோ எறும்பின் தடம் ஓரிரு நாள்கூட நிற்கும். அதனால் மூன்று நாள் தொடர்ந்து துடைக்க வேண்டும். வினிகரும் எலுமிச்சைச் சாறும் இதற்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் உங்கள் மேடை கடப்பா கல்லோ மார்பிளோ என்றால் தொடாதீர்கள். அவை சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள், புளிப்பு பட்டால் பளபளப்பு போய்த் திட்டுத் திட்டாகிவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

ஓட்டையை அடைப்பதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். உள்ளே எறும்பு இருக்கும்போது அடைத்தால் அவை மாட்டிக்கொள்ளும், அல்லது பக்கத்து விரிசல் வழியாக வந்துவிடும். அதற்கு நான் சொல்லும் முறை இது. வெளியிலிருந்து வரும் எறும்புக்கு, வெளிச்சுவரில் அது நுழையும் இடத்துக்கு அருகே தேங்காய்ச் சிரட்டையில் துளி வெல்லம் வையுங்கள். உள்ளே ஒன்றும் கிடைக்காமல், வெளியே கிடைத்தால் ஓரிரவில் போக்குவரத்து வெளிப்பக்கம் திரும்பிவிடும். காலையில் உள்ளே எறும்பு இல்லையென்று பார்த்துக்கொண்டு, ஓட்டையை வெள்ளை சிமெண்டாலோ சிலிக்கான் பசையாலோ அடையுங்கள். பிறகு சிரட்டையைத் தினமும் இரண்டடி இரண்டடியாகச் சுவரைவிட்டுத் தள்ளித் தோட்டத்து மூலைக்குக் கொண்டுபோங்கள். வாசலில் பச்சரிசி மாவில் கோலம் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை விடாதீர்கள். வெளியில் இரை கிடைக்கட்டும்.

சுவிட்ச் போர்டுக்குள் கூடு இருந்தால் இந்த முறை உதவாது. அங்கே நீங்கள் எதையும் ஊற்றவோ தூவவோ வேண்டாம், வேப்பெண்ணெய்கூட வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்து வெளிச்சமும் காற்றும் பட்டாலே எறும்பு கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு கிளம்ப ஆரம்பிக்கும். மென்மையான தூரிகையால் தள்ளி ஒரு டப்பாவில் சேர்த்து, வெளியே நிழலான இடத்தில் விடலாம். ஒயர் சுவருக்குள் போகும் இடைவெளியை அவரையே அடைக்கச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியிலோ பழைய நாளிதழ்க் கட்டிலோ கூடு இருந்தால் வேலை சுலபம்: அப்படியே தூக்கி வெளியே மர நிழலில் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் காலி செய்துவிடும்.

எறும்பு ஏறிவிட்ட ரவையையோ அரிசியையோ கொட்ட வேண்டாம். தாம்பாளத்தில் பரப்பி, காலை இளவெயிலில் வைத்து, தட்டின் விளிம்பிலிருந்து தரைக்கு ஒரு குச்சியைச் சாய்த்துவிடுங்கள். சூடு ஏறுவதற்கு முன் அவை இறங்கிப் போய்விடும். உச்சி வெயிலில் வைத்தால் தப்பிக்க நேரமில்லாமல் செத்துப்போகும்.

தோட்டத்துக்கும் வீட்டு எறும்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. செம்பருத்தி வைத்திருக்கிறீர்களா? தளிரில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து வளர்க்கும். மாவுப்பூச்சி இருக்கும்வரை எறும்பு அந்தச் செடியை விட்டுப் போகாது. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, மோசமான கிளைகளை வெட்டிவிடுங்கள். சுவரையும் ஜன்னலையும் தொடும் கிளை, கொடி, துணி காயப்போடும் கயிறு எதுவாக இருந்தாலும் ஒரு முழ இடைவெளி விடுங்கள். சுவரை ஒட்டிக் குவிந்த மண், செங்கல், காய்ந்த இலை எல்லாவற்றையும் அகற்றுங்கள். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். டெல்டா மண்ணில் தண்ணீர் நின்றால் எறும்புக்கு மேட்டுநிலம் உங்கள் வீட்டுத் தரைதான். அடுத்த வருடம் புரட்டாசி முடிவதற்குள் விரிசல்களை அடைத்துவிட்டால் பாதித் தொல்லை இராது.

மஞ்சள்தூள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மஞ்சள், கிராம்பு, பட்டை, புதினா, வேப்பெண்ணெய் எல்லாம் வாசனையால் எறும்பைக் கொஞ்சம் தயங்க வைக்கும். உணவு அங்கேயே இருந்து, வழியும் திறந்திருந்தால் சுற்றிக்கொண்டு வரத்தான் செய்யும். உணவை எடுத்து, தடத்தைத் துடைத்து, ஓட்டையை அடைத்த பிறகு, அடைக்க முடியாத ஜன்னல் ஓரத்தில் கிராம்புத் தூளோ மஞ்சளோ ஒரு கோடு போட்டால் பயன் உண்டு. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததால்தான் உங்களுக்குப் பலிக்கவில்லை. வீட்டில் பூனை இருந்தால் கிராம்பெண்ணெய், புதினா எண்ணெய் போன்ற செறிந்த எண்ணெய்கள் வேண்டாம், அதற்கு ஆகாது.

கற்பூரம் தவழும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் கிடக்கவே கூடாது. வாயில் போட்டு விழுங்கினால் வலிப்பு வரலாம். அந்துருண்டையும் அப்படித்தான், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும், அவர்களுக்கு நாப்தலின் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். எறும்பு சாக்பீஸைப் போடப் பயந்தது சரியான முடிவு. பார்ப்பதற்குப் பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரி இருந்தாலும் அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. இயற்கை என்று விற்பதையெல்லாம் நம்ப வேண்டாம். டயட்டமேசியஸ் எர்த் என்ற மண்தூள் இயற்கையானதுதான், ஆனால் எறும்பின் மேல்தோல் மெழுகைச் சிதைத்து உலர வைத்துக் கொல்லும். சர்க்கரையில் போரிக் அமிலம் கலப்பதும் கொல்லும் வழிதான், குழந்தைக்கும் நஞ்சு. ரவையைத் தின்றால் எறும்பின் வயிறு வெடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. வளர்ந்த எறும்பு கெட்டியான உணவை விழுங்குவதே இல்லை. சாற்றை மட்டும் குடித்துவிட்டுக் கெட்டியானதைப் புழுக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

நெருப்பெறும்புப் புற்று கதவுக்குப் பக்கத்தில் இருந்தால், காலில் செருப்போடு, தினமும் காலையில் நீளமான கம்பால் மேல்மண்ணைக் கிளறி ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நாள் தொடர்ந்து தொந்தரவு செய்தால் பெரும்பாலும் கூட்டை மாற்றிக்கொள்ளும். வெந்நீர் வேண்டாம். இத்தனையும் செய்து, மறுபடியும் குழந்தையைக் கடித்தால் நான் இரக்கம் பார்க்கச் சொல்ல மாட்டேன். உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிட்டு அந்த ஒரு புற்றை மட்டும் குறிவைத்துச் செய்யச் சொல்லுங்கள். வீடு முழுக்க ஸ்பிரே அடிக்க விடாதீர்கள். கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை லேசாக ஒற்றினால் வீக்கம் குறையும். முகம், உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டாலோ எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.

கழிப்பறை விஷயத்தைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். குளியலறைக்கு எறும்பு ஈரத்துக்கும் வரும், சோப்புக்கும் வரும். ஆனால் உங்கள் மாமனார் சிறுநீர் கழித்த இடத்தில் திரும்பத் திரும்ப மொய்த்தால் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தால் அது கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் இதுவரை தெரியாமலே இருந்திருக்கலாம். சில மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும், அப்போதும் எறும்பு வரும். அவர் சாப்பிடும் மாத்திரைகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, கூடவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்று மூன்று ரத்தப் பரிசோதனைகள். இந்த வாரமே அழைத்துப் போங்கள்.